மறதி நோயாளிக்கும் ஏற்ற வார்டு வேண்டும்!
(ஆஸ்பத்திரி ஊழியர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஆஸ்பத்திரிக் கட்டடத்தைப் பற்றிப் பேச வேண்டியது எஞ்சினியர்தானே என்று சிலர் கேட்கலாம். ஆனால் அந்த வார்டில் படுக்கப்போவது நம் தாய் தகப்பன்மார். ஆகவே நாமும் பேசுகிறோம்.

டிமென்ஷியா என்னும் மறதி நோய் பைத்தியம் அல்ல. மூளையைத் தாக்கும் வியாதிகளால் வருவது. 2021-ல் உலகில் 5 கோடியே 70 லட்சம் பேருக்கு இது இருந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டது. அவர்களில் 60 சதவிகிதத்துக்கு மேற்பட்டோர் வாழ்வது ஏழை, நடுத்தர வருமான நாடுகளில். இது பணக்கார நாட்டு வியாதி அல்ல, தோழர்களே!

இந்நோயாளியின் கண்ணுக்கு வார்டு எப்படித் தெரிகிறது? பளபளக்கும் தரை ஈரமாகத் தெரிகிறது. கால் வைக்க அஞ்சுகிறார். கறுப்பு மிதியடி பள்ளமாகத் தெரிகிறது. வெள்ளைச் சுவரின் முன் வெள்ளைக் கக்கூஸ் பீடம் புலப்படுவதில்லை. கதவுகளெல்லாம் ஒரே நிறம். தேடி அலைகிறார், துணியிலேயே போய்விடுகிறது. "கிழவர் தொல்லை" என்கிறார்கள். தொல்லை கிழவரா, கட்டடமா?

பிரிட்டனில் சுரங்கத் தொழிலாளியாயிருந்து மந்திரியான அனூரின் பெவான் 1948-ல் இலவச தேசிய சுகாதார சேவையைத் தொடங்கினார். அந்நாட்டின் ஸ்டெர்லிங் சர்வகலாசாலையும் கிங்ஸ் ஃபண்ட் ஸ்தாபனமும் இதற்கு வழி சொல்லியிருக்கின்றன. கக்கூஸ் கதவுகளுக்கெல்லாம் ஒரே தனி நிறம், அதில் எழுத்தோடு படம், பீடத்துக்கும் கைப்பிடிக்கும் சுவரிலிருந்து மாறுபட்ட நிறம், மினுக்காத தரை, நல்ல வெளிச்சம், நாளும் கிழமையும் காட்டும் பெரிய கடிகாரம். இவ்வாறு மாற்ற 2013-ல் இங்கிலாந்து சர்க்கார் 5 கோடி பவுன் ஒதுக்கியது.

பெயிண்ட் மட்டும் போதுமா? போதாது. ஜான் ஜெரார்டு என்ற டாக்டருக்கே இந்நோய் இருந்தது. 2014-ல் அவர் ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். உறவினர் வருகை கட்டுப்படுத்தப்பட்டது. நடமாடியவர் நலிந்து திரும்பினார். அதே ஆண்டு நவம்பரில் மாண்டார். அவர் மகள் நிக்கி ஜெரார்டும் தோழி ஜூலியா ஜோன்ஸும், உறவினர் உடனிருப்பது உரிமை என்று இயக்கம் தொடங்கினார்கள். பல ஆஸ்பத்திரிகள் அதை ஏற்றன.

நம் பொது வார்டுகளில் கூட இருப்பவர் கட்டிலடியில் பாய் விரித்துப் படுக்கிறார். அங்கே போராடிப் பெற்ற உரிமை இங்கே வழக்கமாகவே இருக்கிறது. ஆனால் அவருக்கு ஒரு நாற்காலி கிடையாது. கூலியை இழந்துதான் அவர் வந்திருக்கிறார். அவர் இருக்கிறார் என்பதற்காக நர்ஸ் வேலைகளைக் காலியாகப் போட்டுவைப்பதையும் நாம் ஏற்க முடியாது.

ஆகவே நம் கோரிக்கை இதுதான்: அடுத்த முறை வெள்ளையடிக்கும்போதே கக்கூஸ் கதவுக்கு வேறு நிறம் பூசு! படம் மாட்டு! கூட இருப்பவருக்குப் படுக்க இடம் கொடு! காலியிடங்களில் ஆள் போடு!

கதவுக்கு நிறம் மாற்ற லட்சங்கள் வேண்டாம். உழைத்து ஓய்ந்தவரை மனிதராக மதித்தால் போதும். மதிக்கச் செய்வது நம் சங்கத்தின் பலம்!