வாங்கிய படம் யாருடையது?



இலக்கியத்துக்கென்று ஒதுக்கப்பட்ட இந்த நேரத்திலே, திரைப்படத்தை இறுவட்டாக வாங்குவதா, இணையத்திலிருந்து தரவிறக்கிக் கொள்வதா என்று பேசப் புகுவது பொருத்தந்தானா எனச் சிலர் எண்ணக்கூடும். கடைக்காரரிடம் கேட்டுத் தீர்த்துக் கொள்ளக்கூடிய சங்கதி என்றும் தோன்றலாம். ஆயினும், ஏடு பார்த்து, பதிப்புப் பார்த்து, பாடபேதம் பார்த்துப் பழகிய தமிழ் வாசகனுக்கு இந்த வழக்கிலே சாட்சி சொல்லும் தகுதி உண்டு. நூல் எதிலே எழுதப்பட்டிருக்கிறது, அது யார் கையில் இருக்கிறது, அதைப் பார்த்துப் படி எடுக்க யாருக்கு இயலும் என்ற மூன்று கேள்விகளும் எங்களுக்குப் புதியன அல்ல. திரைப்படத்தைப் பற்றியும் இன்று கேட்க வேண்டியவை அவையே.

எண்பதுகளிலே எங்கள் மூத்தவர்கள் 'டெக்'கை வாடகைக்கு எடுத்து, அயலட்டையெல்லாம் கூட்டி, விடிய விடியப் படம் பார்த்தார்கள். ஒளிநாடா தேய்ந்து கோடு விழுந்தாலும் அது ஒரு பொருளாகக் கையில் இருந்தது. பின்னர் இறுவட்டு வந்தது. முதலில் வந்த வீசீடீ வட்டிலே ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரப் படமே அடங்கும். ஆகையால் ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு மூன்று வட்டுகள் தேவைப்பட்டன. கதை உச்சத்தை அடையும் வேளையிலே எழுந்து போய் வட்டு மாற்ற வேண்டும். 1996 இறுதியில் யப்பானிலும் அடுத்த ஆண்டில் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்த டீவீடீ, ஒரு படையிலே 4.7 கிகாபைற்றைக் கொண்டு, முழுப் படத்தையும் ஒரே வட்டில் அடக்கியது. 2002இல் ஏ9 பாதை திறந்தபின் வடக்குக்கு இவை பெட்டி பெட்டியாக வந்து சேர்ந்தமை பலருக்கு நினைவிருக்கும். அவற்றுட் பெரும்பாலானவை மெல்லிய தாள் உறையிலே வந்த கள்ளக் கொப்பிகள் என்பதையும் மறைப்பதற்கில்லை.

இன்று அந்தக் கடைகள் அருகிவிட்டன. கைப்பேசிக்குள்ளே படம் வருகிறது. தபாலிலே டீவீடீ அனுப்பும் தொழிலாக 1998இல் ஆரம்பமான நெற்ஃபிளிக்ஸ் நிறுவனமே அந்தச் சேவையை 2023 செப்ரெம்பர் 29ஆம் திகதியோடு நிறுத்திக் கொண்டது. எல்லாம் வானத்திலே இருக்கும்போது அலுமாரியில் வட்டை அடுக்கி வைப்பது பழைமைவாதம் என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

தரவிறக்கம் என்ற ஒரே சொல்லால் நாங்கள் இரண்டு வேறு காரியங்களைக் குறிக்கிறோம். குழப்பத்தின் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது. ஒன்று, படத்தின் கோப்பு முழுமையாக உங்கள் கணினிக்கு வந்து, பூட்டு எதுவுமின்றி அங்கேயே தங்கிவிடுவது. அதை நீங்கள் இன்னொரு வட்டிலே எழுதலாம், இயக்கியை மாற்றலாம், நிறுவனம் மூடப்பட்ட பின்னரும் பார்க்கலாம். மற்றது, ஒரு நிறுவனத்தின் தளத்திலே 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்திப் பணம் கட்டுவது. அங்கே உங்களுக்குக் கிடைப்பது படம் அன்று. படத்தைப் பார்ப்பதற்கான அனுமதி. அந்த நிறுவனமும் படத்தின் உரிமையாளரும் செய்துகொண்ட உடன்படிக்கை நிலைக்கும் வரைதான் அந்த அனுமதியும் நிலைக்கும்.

இதை மிகைப்படுத்திச் சொல்வதாக நேயர்கள் எண்ண வேண்டாம். வட்டு வாங்கியவர்களுக்கு இணையப் பிரதியும் தருவதாக 2011இல் தொடங்கிய 'அல்ட்ராவயலற்' என்னும் அமைப்பு 2019 யூலை 31இல் மூடப்பட்டது. சேர்த்து வைத்த படங்களைக் காப்பாற்ற வேண்டுமானால் வேறு கடைகளின் கணக்கோடு இணைத்துக் கொள்ளுங்கள் என்று பயனர்களுக்குச் சொல்லப்பட்டது. 2023 டிசெம்பரில் சோனி நிறுவனம், தனது பிளேஸ்ரேசன் தளத்திலே காசு கொடுத்து வாங்கப்பட்ட டிஸ்கவரி தொலைக்காட்சித் தொடர்கள் அவ்வாண்டு முடிவோடு பயனர்களின் சேமிப்பிலிருந்து நீக்கப்படும் என அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பிய பின்னரே உடன்படிக்கை நீடிக்கப்பட்டு அறிவிப்புக் கைவிடப்பட்டது. வாங்கியவர்கள் வீட்டிலே இருந்த பொருளை எடுத்துச் செல்ல யாரும் கதவைத் தட்டியிருக்க மாட்டார்கள். தட்டவே தேவையிருக்கவில்லை.

புத்தகத்துக்கும் இது நேர்ந்ததுண்டு. 2009 யூலையில் அமேசன் நிறுவனம், விற்றவருக்கு உரிமை இல்லை என்று கண்டுகொண்டு, தன் கின்டில் கருவிகளிலே வாசகர் வாங்கி வைத்திருந்த சில மின்னூல்களைத் தொலைவிலிருந்தே அழித்தது. பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. பின்னர் மன்னிப்பும் கேட்கப்பட்டது. அழிக்கப்பட்ட நூல்களுள் ஜோர்ஜ் ஓவலின் '1984'உம் ஒன்று. எழுத்தை அழித்துத் திருத்துவதையே தொழிலாகக் கொண்ட ஓர் அரசைப் பற்றிய நாவலுக்கு இப்படியொரு விதி வாய்த்ததை எந்தக் கதாசிரியனும் கற்பனை செய்யத் துணிந்திருக்க மாட்டான்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே 2025 சனவரி 1 முதல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. எண்மப் பொருளை விற்பவர், தருவது அனுமதி மாத்திரமே என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது அது. நிரந்தரமாகத் தரவிறக்கி வைத்துக்கொள்ளக்கூடிய, விற்றவரால் மீளப் பெற முடியாத கோப்புகளுக்கு அந்த விதி பொருந்தாது. நான் முன்னர் சொன்ன இரண்டு தரவிறக்கங்களையும் சட்டமே பிரித்துக் காட்டிவிட்டது. ஒரு சொல்லின் பொருளைக் காக்கச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்பது மொழியாசிரியனான எனக்குச் சற்று வேடிக்கையாகவும் இருக்கிறது.

இனி, பாடபேதத்துக்கு வருவோம். இலக்கிய அன்பர்கள் கூடுதலாகக் கவலைப்பட வேண்டிய இடம் இது என்பேன். படம் மறைந்து போனால் மறைந்தது தெரியும். மாறிப் போனால் மாறியதே தெரியாது. 1971இல் வெளிவந்து ஒஸ்கார் விருது பெற்ற 'தி பிரெஞ்ச் கனெக்சன்' என்ற அமெரிக்கப் படத்திலே, இனவசைச் சொல் ஒன்று வரும் சில வினாடிகள் காணாமற் போயிருந்ததை 2023இல் இணையத்திலே பார்த்தவர்கள் கண்டுபிடித்தார்கள். பழைய வட்டை வைத்திருந்தவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தமையால் அது வெளிப்பட்டது. அந்த வசை நல்லதென்று நான் வாதாட வரவில்லை. அதைப் பேசும் பாத்திரம் எத்தகையவன் என்பதைக் காட்டவே இயக்குநர் அதை வைத்தார். வெட்டியவர் யாராயினும் அடிக்குறிப்பு ஒன்றாவது இட்டிருக்க வேண்டும். 1977இல் வந்த 'ஸ்ரார் வோர்ஸ்' கதையோ வேறு வகையானது. ஆக்கியவரான ஜோர்ஜ் லூக்காசே 1997இல் அதை மாற்றினார். திரையரங்கில் முதன்முதல் மக்கள் கண்ட வடிவம் 2006இல் வந்த டீவீடீ தொகுப்பிலே துணை வட்டாகச் சேர்க்கப்பட்டது. அந்த வட்டைத் தேடிப் பிடிப்போர் இன்றும் இருக்கிறார்கள். நூலாசிரியனே தன் நூலைத் திருத்தினால் முதற் பதிப்புக்கு மதிப்பில்லையா? புதுமைப்பித்தன் கதையின் முதல் வடிவத்தைத் தேடிப் பழைய சஞ்சிகைகளைப் புரட்டும் ஆய்வாளரைக் கேளுங்கள், சொல்வார்.

இவ்வளவும் சொன்னதால் வட்டையே கும்பிட்டுக் கொண்டிருக்க வேண்டும் என்று நான் கூறுவதாகக் கொள்ளற்க. வட்டும் ஓர் ஏடுதான், அதற்கும் செல்லரிக்கும். டீவீடீ என்பது 0.6 மில்லிமீற்றர்த் தடிப்புள்ள இரண்டு பிளாத்திக்குத் தகடுகளை ஒட்டி ஆக்கப்பட்டது. நடுவே மெல்லிய உலோகப் படலம் இருக்கிறது. ஒட்டு விட்டுக் காற்றும் ஈரமும் புகுந்தால் அந்த உலோகம் கெடும். தொழிற்சாலையிலே அச்சிட்ட வட்டு ஒருவாறு நீடிக்கும். நாங்கள் வீட்டுக் கணினியிலே எழுதிய வட்டோ சாயத்தை நம்பியது. வெயிலும் வெக்கையும் அந்தச் சாயத்தை மங்கச் செய்யும். எங்கள் நாட்டுக் காலநிலையைச் சொல்லவும் வேண்டுமா? போதாதற்கு, இயக்கிக் கருவிகளும் குறைந்து வருகின்றன. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு இடும் வாயே இல்லை. இலண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ உறவினர் ஆசையோடு அனுப்பிய ஆங்கிலப் பட வட்டு, அமெரிக்கா கனடாவுக்கு 1, ஐரோப்பாவுக்கு 2, இந்தியாவுக்கு 5 என்ற பிராந்திய எண் காரணமாக இங்கே ஓட மறுத்ததும் உண்டு. தமிழ் வட்டுகள் பல இந்தத் தடையின்றி வந்தமை எங்கள் அதிர்ஷ்டம்.

ஆகவே எதிலே எழுதப்பட்டிருக்கிறது என்பது மாத்திரம் எங்களைக் காப்பாற்றாது. தமிழ் நூல்களை ஓலை காக்கவில்லை. ஓலையைப் பார்த்து ஓலை எழுதியவர்கள் காத்தார்கள். சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றியபோது, தொட்டால் உதிரும் நிலையிலிருந்த ஏடுகளோடு போராடினார். ஒரு மடத்திலே ஓர் ஏடு, இன்னொரு வீட்டிலே இன்னோர் ஏடு என்று பல கைகளில் இருந்தமையாலேயே அவரால் ஒப்பிட முடிந்தது. எல்லா ஏடும் ஒரே களஞ்சியத்திலே பூட்டி வைக்கப்பட்டு, வாசிக்க மாத்திரம் அனுமதி தரப்பட்டிருந்தால் என்னவாகியிருக்கும்? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது. அச்சேறிப் பலர் வீட்டில் இருந்தவை மீண்டும் எங்கள் கைக்கு வந்தன. ஒற்றைப் பிரதியாக இருந்தவை போயே போயின.

திரைப்படத்திலே இந்த இழப்பு இன்னும் பெரிது. முதல் தமிழ்ப் பேசும்படமான 1931ஆம் ஆண்டுக் 'காளிதாஸ்' இன்று பார்க்கக் கிடைக்கவில்லை. சங்க இலக்கியத்துக்கு இரண்டாயிரம் ஆண்டு என்று பெருமை பேசும் நாங்கள், நூறாண்டு தாண்டாத ஒரு படத்தைத் தொலைத்துவிட்டோம். எங்கள் நாட்டிலே 1983 யூலையில் ஹெந்தளையிலிருந்த விஜயா கலையகம் எரிக்கப்பட்டபோது, அங்கிருந்த படச்சுருள்களின் மூலப் பிரதிகளும் சேர்ந்து எரிந்தன. அவற்றிலே சிங்களப் படங்களும் இருந்தன. நெருப்பு மொழி பார்க்கவில்லை. நாட்டுக்கெனத் திரைப்படக் காப்பகம் ஒன்று வேண்டும் என்று லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் போன்றோர் எத்தனையோ காலம் குரல் கொடுத்தார்கள்.

உயர்தர வகுப்பு மாணாக்கருக்கு ஒரு நாவலையும் அதன் திரைவடிவத்தையும் அருகருகே வைத்துக் காட்ட விரும்பும் ஆசிரியரை எண்ணிப் பாருங்கள். செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நல்ல உதாரணம். நெடுந்தீவுக் கடற்கரையும், வாடைக்காற்றோடு வந்து போகும் பறவைகளும், பருவத்துக்கு வந்து வாடியடிக்கும் மீனவர்களும் கொண்ட நாவல். 1978இல் அது படமாக வந்தது. நாவலை நூலகத்திலே கேட்டு வாங்கிவிடலாம். படத்துக்கோ யாரிடம் கொப்பி இருக்கிறது என்று விசாரித்துத் திரிய வேண்டும். இணையத்திலே யாரோ ஏற்றிய பிரதி இந்தத் தவணை இருக்கும், அடுத்த தவணை இருக்காது. தம்பிஐயா தேவதாஸ் எழுதிய 'இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை' போன்ற நூல்களிலே எங்கள் படங்களின் வரலாற்றை வாசித்து அறியும் மாணவன், அந்தப் படங்களைக் காண வழியில்லாமல் நிற்கிறான். காளமேகத்தின் வரலாற்றைப் படித்துவிட்டு அவர் பாட்டு ஒன்றையேனும் காணாதவன் நிலை இது.

என்ன செய்யலாம் என்று கேட்டால், என் எண்ணத்தைச் சொல்கிறேன். ஒருமுறை பார்த்து மறந்துவிடும் படத்துக்கு இணையமே போதும். அதற்காக அலுமாரியை நிரப்ப வேண்டியதில்லை. மீண்டும் மீண்டும் பார்க்கவும் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் விரும்பும் படம் வட்டாகக் கிடைக்குமாயின், விலை சற்றுக் கூடினாலும் உரிமையுள்ள வட்டையே வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறதென்பதற்காக மாத்திரம் இதைச் சொல்லவில்லை. கள்ளக் கொப்பியிலே பாட்டை வெட்டி, ஒளியை மங்கச் செய்து, படைப்பையே கெடுத்துவிடுகிறார்கள். பூட்டில்லாத கோப்பாக விற்கும் ஆக்கியோரிடமிருந்து தரவிறக்கிக் கொள்வது வட்டுக்குச் சமம். சில வேளை அதனினும் மேல். 2005 முதல் எங்கள் நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வருடி இணையத்திலே ஏற்றி, யாரும் தரவிறக்கிக்கொள்ள விட்டிருக்கும் நூலகம் திட்டத்தைப் பாருங்கள். ஆயிரம் கைக்குப் போன பிரதியை யாரால் திருப்பி வாங்க முடியும்? எங்கள் குறும்பட இயக்குநர்களும் இதைப் பற்றிச் சிந்திக்க வேண்டும். ஒரே தளத்திலே ஏற்றிவிட்டு மூலக் கோப்பை அழித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டிலே இப்பொழுதே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. 2002க்குப் பின்னர் பல வீடுகளிலே அரங்கேற்றம், நாட்டுக்கூத்து, வில்லுப்பாட்டு, பள்ளிக்கூட நாடகம் எல்லாவற்றையும் வட்டிலே எழுதி வாங்கி வைத்தோம். அவை சாயத்தை நம்பிய வட்டுகள். அடியிலே பச்சையாகவோ ஊதாவாகவோ மின்னினால் அந்த வகை என்று அறியலாம். ஆண்டு குறித்திருந்தால் பழையதை முதலில் எடுத்து, வட்டு வாசிக்கும் கணினியிலே இட்டு, கோப்பை இரண்டு இடங்களில் படி எடுத்து வையுங்கள். ஒரு படி உங்கள் வீட்டில் இருக்கட்டும். மற்றதை, வெள்ளமோ நெருப்போ ஒருசேரத் தீண்டாத தூரத்திலே உள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்புங்கள். கூத்திலே ஆடியவர், பாடியவர், மத்தளம் அடித்தவர் பெயர்களை ஒரு தாளிலே எழுதிக் கூடவே வையுங்கள். அந்தப் பெயர்கள் வட்டிலே இல்லை. இன்னும் சிலருடைய நினைவிலே மாத்திரம் இருக்கின்றன.