எரிவதற்கு முன் அந்த வீட்டில் என்ன இருந்தது?

(இளம் எழுத்தாளர்களுக்கான பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கதையை எப்படித் தொடங்குவது என்று பேசச் சொன்னார்கள். நீங்கள் கொடுத்திருந்த கதைகளைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். பாதிக்கு மேற்பட்ட கதைகள் ஒரே மாதிரித் தொடங்குகின்றன. தண்டவாளத்தில் ஓர் உடல் கிடக்கிறது. அல்லது அரிவாள் ஓங்கப்படுகிறது. அல்லது குடிசை எரிகிறது. முதல் வரியிலேயே வாசகரை உலுக்கிவிட வேண்டும் என்று நம் எல்லோருக்கும் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

குறையாகச் சொல்லவில்லை. என் முதல் கதையும் அப்படித்தான் இருந்தது. எங்கள் சொந்தக்காரர்கள் இருந்த தெருவைக் கொளுத்தியதைப் பற்றிய கதை. முதல் வரியிலேயே தீ. அந்தத் தெருவில்தான் என் பெரியம்மாவின் வீடும் இருந்தது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெருமையாகக் கதையை வாசித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "எல்லாம் சரிதான்ப்பா. எரியறதுக்கு முன்னாடி அங்க என்ன இருந்துச்சுன்னு நீ எழுதவே இல்லியே. என் தையல் மெஷினு இருந்துச்சு. அதுக்கு இன்னும் ரெண்டு தவணை பாக்கி."

என் கதையில் தீ இருந்தது, பெரியம்மா இல்லை. அந்த மெஷினை வாங்க அவர் எத்தனை பேருக்கு ஜாக்கெட் தைத்திருப்பார், எரிந்த மெஷினுக்கு அந்த இரண்டு தவணையை எப்படிக் கட்டியிருப்பார் என்று எதுவுமே இல்லை. கொளுத்தியவர்கள் அவரை எப்படிப் பார்த்தார்களோ, எரிக்கத்தக்க ஒரு குடிசையாக, நானும் அங்கிருந்தே தொடங்கியிருக்கிறேன்.

இந்த இடத்தில் பாபாசாகேப் எழுதிய 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நமக்கு நல்ல பாடம். அவர் காலத்துக்குப் பிறகு, 1990இல்தான் அது நூலாக வந்தது. முதல் சம்பவம் 1901 வாக்கில் நடப்பது. சதாராவில் இருந்த சிறுவர்கள், கோரேகாவில் வேலை பார்த்த அப்பாவிடம் கோடை விடுமுறைக்குப் போகிறார்கள். மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார்கள். கூட்டிப்போக யாரும் வரவில்லை. சாதியைக் கேட்டறிந்ததும் ஸ்டேஷன் மாஸ்டரின் முகம் மாறுகிறது. எந்த வண்டிக்காரரும் ஏற்ற மறுக்கிறார். கடைசியில் இரட்டிப்புக் கூலி கொடுத்து, மாட்டுவண்டியைச் சிறுவர்களே ஓட்ட வேண்டியிருக்கிறது. வண்டிக்காரர் கூடவே நடந்து வருகிறார்.

நாமாக இருந்தால் ஸ்டேஷன் மாஸ்டரின் முகத்தில் தொடங்கியிருப்போம். அண்ணல் எங்கே தொடங்குகிறார்? குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறார். பிறகு, பயணத்துக்கான தயாரிப்பு. புதுச் சட்டை, பளபளக்கும் தொப்பி, புதுச் செருப்பு, பட்டுக்கரை வேட்டி. முதன்முதலாக ரயிலைப் பார்க்கப் போகிற குதூகலம். அந்தப் பிள்ளைகளின் சந்தோஷத்தில் நாமும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் மசூரில் இறங்குகிறோம். உடையைப் பார்த்து ஸ்டேஷன் மாஸ்டர் அவர்களைப் பிராமணப் பிள்ளைகள் என்றே நினைத்துவிடுகிறார். தொடக்கத்தில் வந்த புதுத்துணி இங்கே வேலை செய்கிறது. நன்றாக உடுத்தினால் மதிப்பார்கள், படித்தால் மதிப்பார்கள் என்று இன்றும் சொல்கிறார்களே, அந்த வாதம் ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல் அங்கே உடைகிறது.

இன்னொரு வகைத் தொடக்கம், இடத்தை எழுதுவது. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. ஊரிலிருந்து தொடங்குகிறது. மலை, குளம், வயல் என்று போய், எந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று வருகிறது. தபாலாபீஸ், பால் டிப்போ, பள்ளிக்கூடம், கோயில் எல்லாம் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று சொல்லிவிடுகிறார். சாதி என்றால் என்ன என்று பாடம் நடத்தவில்லை. தபால் வாங்க யார் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று நமக்கே புரிந்துவிடுகிறது. ஓம்பிரகாஷ் வால்மீகியின் 'ஜூட்டன்' 1997இல் இந்தியில் வந்த தன்வரலாறு. அதுவும் வீடு இருந்த இடத்திலிருந்தே தொடங்குகிறது. ஊருக்கும் அவர்கள் குடியிருப்புக்கும் நடுவே ஒரு குட்டை. அதைச் சுற்றி நாற்றம். அந்த நாற்றத்தை அங்கேயே குடியிருந்தவர் சொல்கிறார். மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போகிறவர் சொன்னால் அது வேறு கதையாகிவிடும்.

அதனால் முதல் பத்தியை எழுதியதும் ஒரு கேள்வி கேளுங்கள்: இதைப் பார்ப்பவர் எங்கே நிற்கிறார்? உங்களில் ஒருவர் கதையை, "சேரி என்பது ஊருக்கு வெளியே இருக்கும்" என்று தொடங்கியிருக்கிறீர்கள். சேரியில் இருக்கிற யாருக்கும் இதைச் சொல்ல வேண்டியதில்லை. யாருக்கு விளக்குகிறீர்கள்? அண்ணலும் முதலில் விளக்கம் தருகிறார்தான். ஆனால் தீண்டாமையைப் பக்கத்திலிருந்து பார்த்திராத வெளிநாட்டவருக்குச் சொல்கிறேன் என்று வெளிப்படையாக வைத்துக்கொண்டே சொல்கிறார்.

"அப்படியென்றால் வன்முறையை எழுதக் கூடாதா?" என்று ஒரு தோழர் காலையில் கேட்டார். எழுத வேண்டும். எஃப்.ஐ.ஆர். குற்றத்திலிருந்துதான் தொடங்கும், தொடங்கத்தான் வேண்டும். செய்தியும் அப்படித்தான். கதைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கீழ்வெண்மணி என்றதும் நமக்கு 1968 டிசம்பர் 25 நினைவுக்கு வருகிறது, 44 பேர் என்ற எண் நினைவுக்கு வருகிறது. அவர்கள் சங்கம் கட்டியவர்கள், கூலியை உயர்த்திக் கேட்டவர்கள். தீயிலிருந்து தொடங்கினால் அவர்கள் செத்துப்போனவர்கள் மட்டுமே. கூலி கேட்ட நாளிலிருந்து தொடங்கினால், தீ எதற்காக வைக்கப்பட்டது என்பதும் கதைக்குள் வந்துவிடும். எங்கே தொடங்குகிறோம் என்பதில் காரணமும் இருக்கிறது. காரணத்தை விட்டுவிட்டால், படிப்பவர் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

ரகசியத்தைக் கடைசிவரை ஒளித்து வைத்தால்தான் விறுவிறுப்பு என்றும் நினைக்காதீர்கள். பாபுராவ் பாகுலின் மராத்தித் தொகுப்பு 1963இல் வந்தது. தலைப்பே 'நான் சாதியை மறைத்தபோது' என்று பொருள்படும். கதை தொடங்கும் முன்பே விஷயம் தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு, யாராவது சிரித்துப் பேசினாலே நமக்குப் பதறுகிறது. சாதியை மறைத்து வாடகை வீட்டில் இருக்கிறவர்களுக்கு இந்தப் பதற்றத்தை விளக்க வேண்டியதே இல்லை.

மதியம் எழுத உட்காரும்போது ஒன்று செய்யுங்கள். உங்கள் கதையில் அடி விழுகிற இடத்தைக் கண்டுபிடித்து, அதற்கு முந்தின நாள் காலைக்குப் போங்கள். அந்த ஆள் என்ன சாப்பிட்டார், யாருக்குக் கடன் பாக்கி, எதற்காகக் காத்திருந்தார் என்று பத்து வரி எழுதுங்கள். அந்தப் பத்து வரியில் ஒன்றுதான் அநேகமாக உங்கள் கதையின் முதல் வரி.

நான் அந்தக் கதையைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போது தையல் மெஷின் வாங்குகிற நாளில் தொடங்குகிறது. பெரியம்மாவிடம் இன்னும் வாசித்துக் காட்டவில்லை. அந்த மெஷின் என்ன நிறம் என்று முதலில் அவரிடம் கேட்க வேண்டும்.