ஒரே கடனுக்கு இரண்டு தீர்ப்பா?

சென்ற உரையில் வாடகைக் கொள்முதல் பற்றிப் பேசினோம். இன்று கடன் பற்று அட்டையால் வரும் ஒரு சங்கடத்தைப் பற்றிப் பேச எண்ணியுள்ளோம். கிரெடிட் கார்டு என்று நம்மில் பலர் சொல்வது இதைத்தான். எப்பொழுதோ வாங்கிய அட்டை. கட்ட முடியாமற் போன பாக்கி. வழக்கும் நடந்து தீர்ப்பும் ஆகிவிட்டது. பல ஆண்டுகள் கழித்து, அதே பாக்கிக்கு இன்னொரு தீர்ப்பு வந்து கதவைத் தட்டுகிறது. இது முறைதானா? முறையில்லையென்றால் அதை எப்படி எதிர்ப்பது? மலேசியச் சட்டத்தை வைத்து இதனை ஆராய்வோம்.

விளக்கத்துக்காக ஒரு லாரி ஓட்டுநரைக் கற்பனை செய்து கொள்வோம். 2010-இல் அவருக்கு வேலை போயிற்று. அட்டைக்குக் கட்டுவதை நிறுத்திவிட்டார். வங்கி வழக்குப் போட்டது. 2012 அக்டோபரில் 8,400 ரிங்கிட்டுக்குத் தீர்ப்பு வாங்கியது. பிறகு பேச்சு மூச்சு இல்லை. 2021-இல் ஒரு நிறுவனம், "அந்த வங்கியிடமிருந்து உங்கள் கடனை நாங்கள் வாங்கிவிட்டோம்" என்று சொல்லிப் பழைய அட்டை ஒப்பந்தத்தையே காட்டிப் புதிதாக வழக்குத் தொடுக்கிறது. சம்மன் அவருடைய பழைய வீட்டுக்குப் போகிறது. அவர் நீதிமன்றத்துக்கு வரவில்லை. ஆகவே 19,000 ரிங்கிட்டுக்கு ஒருதலைத் தீர்ப்பு ஆகிவிடுகிறது. தீர்ப்பின் தாள் கைக்கு வந்தபோதுதான் அவருக்குச் செய்தியே தெரிகிறது. தாளின் தலைப்பில் 'பெங்ஹாகிமான் இங்கார் கெஹாடிரான்' என்று இருக்கும். எதிர்வாதி முன்னிலையாகாததால் தரப்பட்ட தீர்ப்பு என்பது அதன் பொருள்.

இங்கே முதலில் புரிந்து கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஒரு கடனுக்கு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டால், அந்தக் கடன் தீர்ப்புக்குள் கரைந்து விடுகிறது. பழைய சங்கிலியை உருக்கி வளையல் செய்த பிறகு, ஆசாரியிடம் போய்ச் சங்கிலியைக் கொடு என்று கேட்க முடியுமா? வளையலைத்தான் கேட்கலாம். அதுபோல, 2012-க்குப் பிறகு அந்த வங்கியின் கையில் இருப்பது தீர்ப்பு; அட்டை ஒப்பந்தம் அன்று. ஒருமுறை முடிவான வழக்கை அதே தரப்பாரோ அவர்களுடைய உரிமையைப் பெற்றவரோ மீண்டும் எழுப்ப முடியாது என்பது 'ரெஸ் யூடிகாட்டா' எனப்படும் முன் தீர்ப்புத் தடை. ஆசியா கமர்ஷியல் ஃபைனான்ஸ் எதிர் கவால் தெலித்தி என்ற வழக்கில் இந்தத் தடையை நம் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் விரிவாக விளக்கியது. அத்தீர்ப்பு 1995-இல் சட்ட அறிக்கையில் வெளிவந்தது.

கடனை வாங்கிய நிறுவனத்துக்கு மட்டும் கூடுதல் உரிமை உண்டா என்றால், இல்லை. 1956-ஆம் ஆண்டுச் சிவில் சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி, கடனைக் கைமாற்றினால் கடனாளிக்கு எழுத்து மூலம் அறிவிப்புத் தர வேண்டும். வாங்கியவர், விற்றவரிடம் இருந்த உரிமையைத்தான் பெறுகிறார். விற்றவரை எதிர்த்துச் சொல்லக்கூடிய வாதங்களை வாங்கியவரை எதிர்த்தும் சொல்லலாம்.

அப்படியானால் ஏன் மறுபடியும் வழக்கு? பழைய தீர்ப்பை நிறைவேற்ற ஆறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டால் நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும். தாமதத்துக்குக் காரணமும் சொல்ல வேண்டும். கணக்கு ஏட்டை மட்டும் வாங்கியவருக்கு முன்பு வழக்கு நடந்ததே தெரியாமலும் இருக்கலாம். இவற்றோடு வட்டிக் கணக்கும் ஒரு காரணம் என்றே நமக்குப் படுகிறது. அட்டைக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை வட்டி போடலாம். தீர்ப்புக் கடனுக்கோ வழக்கமான வட்டி 5 விழுக்காடுதான்.

அடுத்தது காலவரையறை. 1953-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, ஒப்பந்தக் கடனுக்கு வழக்குத் தொடர ஆறு ஆண்டுதான் தருகிறது. நம் ஓட்டுநர் 2010-இல் நிறுத்தியவர். பிறகு ஒரு காசும் கட்டவில்லை, எழுத்தில் எதையும் ஒப்புக்கொள்ளவும் இல்லை. ஆகவே 2021-இல் ஒப்பந்தத்தைக் காட்டித் தொடுத்த வழக்கு காலம் கடந்தது. ஆனால், எதிர்வாதி எடுத்துச் சொன்னாலொழிய நீதிபதி தாமாகவே காலவரையறையைக் கணக்கில் கொள்ள மாட்டார். அச்சட்டத்தின் 4-ஆம் பிரிவே அப்படிச் சொல்கிறது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். அதனால்தான் சம்மன் வந்தவுடனே போவது சாலச் சிறந்தது. சம்மன் கையில் கிடைத்த 14 நாளுக்குள் முன்னிலைக் குறிப்பைப் பதிவு செய்து, அதன்பின் எதிர்வாதத்தில் 'முன்பே தீர்ப்பு உண்டு. காலமும் கடந்துவிட்டது' என்று இரண்டையும் எழுதிவிட்டால், ஒருதலைத் தீர்ப்புக்கே இடமிராது.

தீர்ப்பு ஆகிவிட்டபின் என்ன வழி? எந்த நீதிமன்றம் தந்ததோ அந்த நீதிமன்றத்திலேயே அதை நீக்கும்படி விண்ணப்பம் செய்ய வேண்டும். ஒருதலைத் தீர்ப்புக்கு முதற்படி இதுதான். மேல்முறையீடு என்று ஓட வேண்டியதில்லை. 2012-ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 42-ஆம் கட்டளைப்படி, தீர்ப்பு கையில் கிடைத்த 30 நாளுக்குள் விண்ணப்பத்தைப் பதிவு செய்து எதிர்த்தரப்புக்கும் சேர்ப்பிக்க வேண்டும். கடித உறையை எறிந்துவிட வேண்டாம். அதில் உள்ள அஞ்சல் முத்திரைதான் அந்த 30 நாளுக்குச் சாட்சி. நாள் கடந்திருந்தால் அவகாசம் கேட்கலாம். ஆனால் ஒவ்வொரு வாரத் தாமதத்துக்கும் காரணம் கேட்பார்கள்.

விண்ணப்பத்தோடு அஃபிடவிட் என்னும் சத்தியப் பிரமாணப் பத்திரம் இணைக்க வேண்டும். அதில் இரண்டு செய்திகள் தனித்தனியே நிற்க வேண்டும். முதலாவது, சம்மன் எனக்கு முறையாகச் சேர்ப்பிக்கப்படவில்லை என்பது. சம்மனை நேரில் தரலாம். கடைசியாகத் தெரிந்த முகவரிக்குப் பதிவு அஞ்சலிலும் அனுப்பலாம். இரண்டும் இயலாதபோது நீதிமன்ற அனுமதியுடன் கதவில் ஒட்டலாம். நாளேட்டில் விளம்பரமும் செய்யலாம். தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த நம் மக்கள் எத்தனையோ பேர், அடையாள அட்டையில் பழைய முகவரியையே வைத்துக் கொண்டிருக்கிறார்கள். சம்மன் அங்கேதான் போகும். சேர்ப்பித்ததில் உண்மையான முறைகேடு இருந்தால் தீர்ப்பை நீக்கக் கேட்பது உரிமை.

முறைகேடு இல்லையென்றாலும் வழி அடைபடவில்லை. அப்பொழுது இரண்டாவது செய்தி கை கொடுக்கும்: எனக்குத் தகுதியுள்ள எதிர்வாதம் உண்டு என்பது. 1937-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை எவன்ஸ் எதிர் பார்ட்லம் என்ற வழக்கில் வகுத்த நெறி இது; நம் நீதிமன்றங்களும் இதையே பின்பற்றி வருகின்றன. வேடிக்கை என்னவென்றால், அந்த வழக்கு பந்தயத்தில் தோற்ற கடனைப் பற்றியது! இரு தரப்பும் பேசிக் கேளாத தீர்ப்பை விலக்கி, வாதத்தைக் கேட்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பதே அதன் சாரம். நம் ஓட்டுநருக்கு எதிர்வாதம் தேடி அலைய வேண்டியதில்லை. 2012 தீர்ப்பின் நகலை இணைத்தாலே போதும். நகல் கையில் இல்லாவிட்டால் நீதிமன்றப் பதிவகத்தில் கட்டணம் கட்டிக் கோப்பைத் தேடிப் பெறலாம். வழக்கு எண் தெரியாதவர்களுக்குச் சிடிஓஎஸ் கடன் அறிக்கையில் அது கிடைப்பதுண்டு.

விண்ணப்பம் போட்டவுடன் தீர்ப்பு தானாக நின்றுவிடாது. பொருள் பறிமுதல், வங்கிக் கணக்கு முடக்கம் ஆகியவை நடக்கக்கூடும். ஆதலால் நிறைவேற்றத்தை நிறுத்தி வைக்கும் ஆணையையும் சேர்த்தே கேட்க வேண்டும். திவால் பற்றிய அச்சம் மட்டும் இத்தொகைக்கு வேண்டாம்: 2020 முதல் திவால் மனுவுக்குக் கடன் குறைந்தது ஒரு லட்சம் ரிங்கிட்டாவது இருக்க வேண்டும்.

இனி, பலர் தவறவிடும் ஒரு நுட்பம். இரண்டாம் தீர்ப்பை நீக்கினால் முதல் தீர்ப்பு மறையாது. அதன் மேல் வழக்குத் தொடரப் பன்னிரண்டு ஆண்டு உண்டு. நம் ஓட்டுநருக்கு 2024 அக்டோபர் வரை. எனினும் வட்டி நிலுவையை ஆறு ஆண்டுக்கு மேல் வசூலிக்க முடியாது. தீர்ப்பில் 5 விழுக்காடு என்றிருந்தால் ஆண்டுக்கு 420 ரிங்கிட். ஆறு ஆண்டுக்கு 2,520. முதலோடு சேர்த்து 10,920. எதிர்த்தரப்பு கேட்டதோ 19,000. இந்த வேறுபாட்டுக்காகத்தான் இத்தனை பாடும்.

சிலர் ஆத்திரத்தில், "முதல் தீர்ப்பும் எனக்குத் தெரியாது, அதையும் தள்ளுங்கள்" என்று கேட்டுவிடுகிறார்கள். முதல் தீர்ப்பு நீங்கினால் அந்தப் பழைய வழக்கு உயிர் பெறும். அதுவோ காலத்துக்குள் தொடுத்த வழக்கு. 'முன்பே தீர்ப்பு உண்டு' என்ற வாதமும் கையை விட்டுப் போகும். முதலாவதை எதிர்ப்பதா, அதையே கேடயமாகப் பிடிப்பதா என்பதை வழக்கறிஞரோடு கலந்தபின் முடிவு செய்க.

அதற்கு முன் வசூலுக்கு வருபவர், "ஐம்பது ரிங்கிட் கட்டுங்கள், இங்கே கையெழுத்துப் போடுங்கள், வழக்கை நிறுத்துகிறோம்" என்பார். கூடாது. கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலும், ஒரு பகுதியைக் கட்டினாலும், 26-ஆம் பிரிவுப்படி ஆண்டுக் கணக்கு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். அஃபிடவிட் மலாய் மொழியில் இருக்கும். அம்மொழி தெரியாத பெரியவர்கள், ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லக் கேட்ட பிறகே சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட வேண்டும்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லாதவர்கள், மாநிலங்களில் உள்ள வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை முதலில் விசாரிக்கலாம். 2006-இல் பேங்க் நெகாரா அமைத்த ஏகேபிகே, கடனைத் தவணையாக்க இலவசமாக ஆலோசனை தரும். நீதிமன்றத்தில் வாதாடுவது அதன் வேலையன்று. எங்கே போனாலும் இரண்டு தீர்ப்புகளின் நகல், அஞ்சல் உறை, கடைசியாகப் பணம் கட்டிய ரசீது ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். கடைசி ரசீது கிடைக்காவிட்டால் வங்கியிடம் பழைய கணக்கறிக்கையை எழுத்து மூலம் கேளுங்கள். அப்படிக் கேட்கும் கடிதத்தில் "நான் தர வேண்டிய கடன்" என்ற சொற்களை மட்டும் எழுதிவிடாதீர்கள்.