ஈ.சி.ஜி.யில் விழாத வலி

 

ஒக்டோபர் பிறந்தால் புத்தளத்தில் கூட்டம் நடக்கும். 1990 இல் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியதைப் பேசுவோம். காணி, வாக்காளர் இடாப்பு, மீள்குடியேற்றம் எல்லாம் பேசுவோம். பேசத்தான் வேண்டும். ஆனால் நான் இன்றைக்கு ஆஸ்பத்திரி ஓ.பி.டி. வரிசையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

அப்படி வெளியேற்றப்பட்டு இங்கே வந்து, அந்த வரிசையில் நிற்கிற நம் தாய்மாரைப் பாருங்கள். நெஞ்சு படபடக்குது, உடம்பெல்லாம் உளையுது, தலை விறைக்குது, ராவில் நித்திரை இல்லை. ஈ.சி.ஜி. எடுத்தால் குறையில்லை. இரத்தம் சோதித்தாலும் குறையில்லை. பனடோல் கட்டிக் கொடுத்து அனுப்புவார்கள். வீட்டில் மருமகள், "மாமிக்கு ஒண்டும் இல்லையாம், டொக்டரே சொல்லிட்டார்" என்பாள். அடுத்த மாதம் மாமி மறுபடியும் வரிசையில்.

டொக்டர் செஸ்மல் சிறிவர்தனவின் குழு, புத்தளத்தில் இடம்பெயர்ந்து வாழ்ந்த 450 பேரிடம் நடத்திய ஆய்வு 2013 இல் வெளிவந்தது. மனவடு நோய், அதாவது பி.ரி.எஸ்.டி., 2.4 சதவீதத்தினருக்கு. காரணம் பிடிபடாத உடல் உபாதையோ 14 சதவீதத்தினருக்கு. சிலர் முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, "நம் சனத்துக்குப் பெரிய பாதிப்பில்லை" என்கிறார்கள். எனக்கு அந்த இரண்டாவது எண்தான் உறுத்துகிறது. வாயால் சொல்ல முடியாததை இந்தச் சனம் முதுகாலும் நெஞ்சாலும் சொல்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

அந்த 2.4 ஐயும் தள்ளிவிடாதீர்கள். 1990 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணம். ஒலிபெருக்கி கட்டிய புலிகளின் வாகனம் வந்தது, ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கம் கூடச் சொன்னது. ஊரை விட்டுப் போக இரண்டு மணித்தியாலம். வழியில் பெண்களின் காதுத் தோடுகளையும் கழற்றினார்கள். அன்றைக்கு இருபது வயதாயிருந்த ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு இங்கே தில்லையடி ஒழுங்கையில் மீன்காரனின் ஓட்டோ ஒலிபெருக்கியோடு வருகிறது. அரிந்துகொண்டிருந்த வெங்காயம் அப்படியே கிடக்கும், இவள் கதவுத் தாழ்ப்பாளைப் பிடித்தபடி வியர்த்து நிற்பாள். அந்த நேரம் அவளுக்கு அது மீன்காரனின் குரல் இல்லை, அந்தக் காலையே திரும்ப வந்துவிட்டது. கலியாண வீட்டில் ஒலிபெருக்கி இருக்கும் என்று கலியாணத்துக்கே போகமாட்டாள். பேரப்பிள்ளையைக் கையில் கொடுத்தாலும் முகம் மலராது. சின்னச் சத்தத்துக்குத் துள்ளுவாள், சின்னப் பிழைக்குச் சீறுவாள். நாம் அவளுக்கு வைத்திருக்கிற பெயர், சிடுமூஞ்சி.

இப்படியான குணங்குறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வாழ்க்கையைக் குலைத்தால் அது வைத்தியம் பார்க்க வேண்டிய நோய். அழுகிற எல்லோருக்கும் இந்த நோய் என்று நான் சொல்லவில்லை. வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கிய மன்னார்ச் சனம், கிடுகுக் கொட்டிலில் வருசக்கணக்காகக் கிடந்த சனம், கவலைப்படாமல் வேறென்ன செய்யும்? வேலையும் வீடும் கிடைத்தால் அந்தக் கவலையில் பாதி தீரும். தாழ்ப்பாளைப் பிடித்து நிற்கிறவளுக்கு வீடு கொடுத்தாலும் அவள் அந்த வீட்டுத் தாழ்ப்பாளையும் பிடித்துக்கொண்டுதான் நிற்பாள்.

இன்னொன்று. 2019 மே மாதம் இந்த மாவட்டத்திலேயே முஸ்லிம் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன, கொட்டாரமுல்லையில் ஓர் உயிரும் போனது. அதற்கு முந்திய மாதம் தேவாலயங்களில் குண்டு வெடித்தது. கடலோரத்துக் கத்தோலிக்கத் தாய்மாரும் மணிச் சத்தத்துக்குத் திடுக்கிட்டிருப்பார்கள். இந்த நோய் மதம் பார்த்து வருவதில்லை.

ஓதிப் பார்ப்பதை நான் குறை சொல்லமாட்டேன், மனசுக்கு அது ஆறுதல். ஓதிவிட்டு மனநலக் கிளினிக்குக்கும் அனுப்புங்கள். பயந்த நினைவைப் பக்குவமாக, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பேச வைக்கிற சிகிச்சை இருக்கிறது. தேவையானால் மருந்தும் இருக்கிறது. முப்பது வருசம் கழித்துப் போனாலும் பலன் உண்டு. போக வெட்கமென்றால் 1926 க்குப் போன் எடுங்கள், அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம்.

பள்ளிவாசல் நிர்வாக சபையினரிடம் ஒரு விண்ணப்பம். டொக்டருக்குத் தமிழ் வராது, நம் உம்மாவுக்குச் சிங்களம் வராது. நடுவில் நின்று மொழிபெயர்க்கிற பேரன் சின்னப்பொடியன். அவன் முன்னால் உம்மா எதைச் சொல்லுவார்? கிளினிக் நாளில் கூடப் போக, இரண்டு பாஷையும் தெரிந்த, கேட்டதை வெளியில் சொல்லாத நாலைந்து பெண்கள் வேண்டும். ஓட்டோக் காசு மட்டும் சபை பார்த்துக்கொண்டால் போதும். பெயர் கொடுக்க விரும்புகிற தங்கைமார் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள்; கொப்பி கொண்டு வந்திருக்கிறேன்.