உரையும் உரியோரும்

(சின்னசேலத்தில் நடைபெற்ற மகாவீர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் உரை கண்டதைப் பற்றிக் கர்ணபரம்பரைச் செய்தி ஒன்று உண்டு. அவர் சமணர் அல்லர். அவர் முதலில் எழுதிய உரையைச் சமணச் சான்றோர் ஏற்கவில்லையாம். ஆகவே சித்தாமூர் மடத்தை அடைந்து, சமண நூல்களைப் பாடங்கேட்டு, மீண்டும் உரை வகுத்தாராம். இவ்வூருக்கு வடகிழக்கே செஞ்சிப் பக்கம் உள்ள மேல்சித்தாமூரே அது என்பர். செய்தி மெய்யோ அன்றோ, ஐந்நூறு ஆண்டுகட்குப் பின்னரேனும் அது மெய்யாயிற்று.

1880இல் கும்பகோணத்தில், சேலம் இராமசுவாமி முதலியார் தூண்ட, உ. வே. சாமிநாதையர் சிந்தாமணி ஏட்டைக் கையிலெடுத்தார். நச்சினார்க்கினியர் உரை உடனிருந்தும் பொருள் பிடிபடவில்லை. ஏட்டில் மூலமும் உரையும் புள்ளியின்றி, இடைவெளியின்றித் தொடர்ந்து ஓடும். அதனினும் பெரிய இடர் சமயச் சொற்களில் இருந்தது. ஒரு சான்று போதும். தன்மம், அதன்மம் என்பன பொதுவழக்கில் அறமும் பாவமும் ஆகும். அறுவகைப் பொருள்களைக் கூறும் சமண நூல்களிலோ, முன்னது இயக்கத்திற்குத் துணையாவது, மீனுக்கு நீர்போல. பின்னது நிற்றற்குத் துணையாவது, வழிப்போக்கனுக்கு நிழல்போல. இதனை அகராதி கொண்டு மட்டும் அறிதல் அரிது.

ஐயர் குடந்தைச் சமணர் இல்லங்களை நாடினார். வீடூர் அப்பாசாமி நயினாரைக் காணச் சென்ற நாளில் வாயிலில் தோரணமும் மாக்கோலமும் கண்டு, என்ன விசேடம் என வினவினார். சிந்தாமணி படித்து நிறைவேறிய நாள் என்று விடை வந்தது! புலவருலகம் மறந்திருந்த நூல், ஓர் இல்லத்தில் விழாவோடு ஓதப்பெற்று வந்தது. அவர்கள் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டவையே 1887இல் வெளிவந்த பதிப்பிற்குத் துணையாயின. உரையாசிரியர் பெயர் சுட்டாமல் எடுத்தாண்ட மேற்கோள்களைத் தேடியதே ஐயரைச் சங்க நூல்களிடம் கொண்டு சேர்த்தது என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

அப்பாசாமி நயினார் போன்றோர் தனி உரைநூல் எழுதி வைக்கவில்லை. வந்து கேட்டவர் ஒருவர் இருந்தமையால் அவர்தம் விளக்கம் தப்பியது. கேட்பாரற்ற இல்லங்களில் எத்தனை விளக்கங்கள் முதியோருடனேயே மறைந்தனவோ!

மேல்சித்தாமூர், வீடூர், திருநறுங்கொண்டைப் பக்கத்து உறவுடையோர் இவ்வவையில் இருக்கலாம். வீட்டுப் பரணில் பழஞ்சுவடியோ, ஓரத்தில் பாட்டனார் கைப்படக் குறிப்பெழுதிய அச்சுநூலோ இருப்பின், பழந்தாள் என்று கழித்துவிடற்க. எழுதியவர் பெயரையும் ஊரையும் ஒரு தாளில் குறித்து அதனுள்ளேயே வைத்திடுக. ஓத வல்ல முதியோர் எவரேனும் இருப்பின், அவர் அருகில் ஒரு சிறுவனையோ சிறுமியையோ குறிப்பேட்டுடன் இந்த விடுமுறையிலேயே அமர்த்துக.