ரத்தக் கணக்கையும் எழுதுவோம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர்களிடையே ஆற்றிய உரை)



குடும்ப ஆரோக்கியம் பற்றிப் பேசச் சொன்னாங்க. அது கடல் மாதிரி. அதனால ஒரே ஒரு விஷயத்தைப் பேசிட்டு உட்கார்ந்துடுறேன். நம்ம உடம்புல ஓடுற ரத்தம்.

நானும் உங்களை மாதிரி குழு உறுப்பினர்தான். 2021 ஆகஸ்ட் மாதம் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கினப்போ, குழுப் பெண்களைத்தான் தன்னார்வலரா எடுத்தாங்க. அந்த வேலையில பி.பி., சுகர் பார்க்க வீடு வீடாப் போறேன். மாமியாருக்கு மாத்திரை குடுத்துட்டுத் திரும்பினா, மருமகளோட முகம் வெளிறிக் கிடக்கும். "உனக்கு எப்படிம்மா இருக்கு?"ன்னா, "எனக்கென்ன அக்கா, கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்"னு சிரிக்கும்.

நம்ம பக்கம் இன்னொண்ணும் பார்க்கிறேன். முறத்துல அரிசி புடைக்கும்போதே ஒரு பிடி வாயில போட்டு மெல்லுறது. "அரிசி தின்னா கல்யாணத்தன்னிக்கு மழை கொட்டும்"னு பாட்டிமார் கேலி பண்ணுவாங்க. அது கேலியோட விடுற விஷயம் இல்லைங்க. பச்சரிசி, சாம்பல், சிலேட்டுக் குச்சி, மண்ணு இதுகளைத் தின்னணும்னு நாக்கு தேடுறது பல சமயம் உடம்புல இரும்புச்சத்து குறைஞ்சதுக்கு அடையாளம். உங்க வீட்டுப் பொண்ணு அரிசி மென்னா திட்டாதீங்க, ரத்தம் பார்க்கக் கூட்டிப் போங்க.

2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுப்படி, தமிழ்நாட்டுல 15 வயசுலேருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல நூத்துக்கு 53 பேருக்கு ரத்தச் சோகை. இந்தப் பந்தல்ல உட்கார்ந்திருக்கிறவங்கள்ல பாதிப் பேருன்னு வெச்சுக்குங்க. கர்ப்பமா இல்லாத பொம்பளைக்கு ஹீமோகுளோபின் 12 இருக்கணும். கர்ப்பிணிக்கு 11. 8க்குக் கீழே போனா ஆபத்து.

ஊருக்கே சோறு போடுற காவிரிப் படுகையில நமக்கு ஏன் இப்படி? சோறு இருக்கு, தட்டுல சோறு மட்டும்தான் இருக்கு. குழம்புல கிடந்த மீனு அவருக்கும் பிள்ளைங்களுக்கும். கடைசியா உட்கார்ற நமக்கு அடிச்சட்டிக் குழம்பு. மாசாமாசம் உதிரம் போகுது, அடுத்தடுத்துப் பிரசவம், அதுக்கு ஈடு கட்டுறதில்லை. அசுத்தமான ஈர மண்ணுல வெறுங்காலோட நடக்கும்போது கொக்கிப்புழு பாதம் வழியா உள்ளே போய், குடல்ல இருந்து ரத்தத்தை உறிஞ்சும். வயல்ல இறங்கும்போது செருப்பைக் கழட்டத்தான் வேணும். கொல்லைப்பக்கம் போகும்போதாவது போடுங்க. கழிப்பறையைத்தான் பயன்படுத்தணும்.

நம்ம உறுப்பினர் ஒரு அக்கா, பேரு வேண்டாம். நடவு வயல்ல மயங்கி விழுந்தாங்க. வெயில்னு சொல்லி மோர் குடுத்தாங்க. மறுபடியும் விழுந்தாங்க. ஆஸ்பத்திரியில பார்த்தா 6 புள்ளி 4. ரத்தம் ஏத்த வேண்டியதாச்சு. மாசம் பத்து நாள் உதிரம் போயிருக்கு, கூச்சப்பட்டு யார்கிட்டயும் சொல்லலை. ஆனா குழுவுல அவங்க தவணை ஒரு மாசம்கூடத் தவறினதில்லை. அதை நம்ம நோட்டுல எழுதியிருக்கோம். அவங்க மூச்சு வாங்கினதை யாரும் எழுதலை.

சரி, என்ன செய்யலாம்? காசு அதிகம் வேண்டாம். ரேஷன்ல 30 ரூபாய்க்குக் கிடைக்கிற துவரம்பருப்பு, வேலியோரத்து முருங்கைக்கீரை, வாரத்துல ரெண்டு மூணு நாள் மீனோ கருவாடோ முட்டையோ. கீரை, பருப்புல இருக்கிற இரும்புச்சத்து உடம்புல சுலபமா ஒட்டாது. கூடவே எலுமிச்சம்பழம், நெல்லிக்காய், கொய்யான்னு புளிப்பு ஒண்ணு சேர்ந்தா நல்லா ஒட்டும். சாப்பிட்ட கையோட டீ குடிச்சா அந்தச் சத்தை டீ தடுத்துடும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க. வயல்ல பத்து மணிக்குக் கஞ்சியையும் டீயையும் ஒண்ணா குடிக்கிறோமே, அதை மாத்தணும்.

ரேஷன்ல செறிவூட்டப்பட்ட அரிசி வந்தப்போ, பிளாஸ்டிக் அரிசின்னு பல வீட்டுல பொறுக்கி எறிஞ்சாங்க. அது அரிசி மாவுல இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி மாதிரியே செஞ்சு, நூறுக்கு ஒண்ணுன்னு கலக்குறது. எறிய வேண்டாம்.

மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார் எல்லாம் நம்ம மண்ணோட சொத்து. தவிட்டோட சாப்பிட்டா வெள்ளை அரிசியைவிட நல்லது. ஆனா அது மட்டுமே சோகையைத் தீர்க்காது. ரத்தம் குறைஞ்சுட்டா மாத்திரைதான். ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம். டீ, பால், கால்சியம் மாத்திரையோட சேர்த்துப் போடாதீங்க. மலம் கறுப்பாப் போகும், பயப்படாதீங்க. வயித்தைப் பிரட்டினா ராத்திரி சாப்பிட்டுட்டுப் போடுங்க. நாலு நாள் போட்டுட்டு நிறுத்தக் கூடாது. அளவு ஏறின பிறகும் டாக்டர் சொல்ற வரைக்கும் போடணும்.

கடைசியா ஒரு கோரிக்கை. நம்ம கட்டிமேட்டுக்காரர் நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டெடுத்தவர். 2006லேருந்து ஆதிரெங்கத்துல நெல் திருவிழா நடத்தினார். ஒரு விவசாயிக்கு 2 கிலோ விதை குடுப்பார். அடுத்த வருஷம் அவர் 4 கிலோவாத் திருப்பித் தரணும். அழிஞ்சு போச்சுன்னு நினைச்ச நெல்லு அப்படித்தான் பெருகுச்சு. 2018 டிசம்பர்ல அவர் போயிட்டார், விதை போகலை.

நாமளும் அப்படிச் செய்வோம். இந்த மாசம் ஒவ்வொரு குழுவுலயும் ஒருத்தர் போய் ரத்தம் பார்க்கட்டும். அடுத்த மாசம் அவங்க ரெண்டு பேரைக் கூட்டிப் போகட்டும். குழு நோட்டுல சேமிப்பு, கடன், வட்டிக்குப் பக்கத்துல இன்னொரு கட்டம் போடுவோம். அளவை எழுத வேண்டாம், அது அவங்கவங்க சொந்த விஷயம். "பார்த்தாச்சு"ன்னு மட்டும் எழுதினா போதும். ஆறு மாசம் கழிச்சு மறுபடியும் பார்க்கணும்.

இன்னிக்கு ராத்திரியே ஒண்ணு தொடங்கலாம். குழம்புல மீனைப் பங்கு போடும்போது உங்க தட்டுக்கும் ஒரு துண்டு எடுத்து வெச்சுட்டு, அப்புறம் பரிமாறுங்க.

இந்தத் தீர்மானத்தை அடுத்த செயற்குழுவுல வைக்கணும்னு தலைவியைக் கேட்டுக்கிறேன்.