'சி' பிரிவுப் பிள்ளைகள்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

கல்வியைப் பற்றிப் பேசுவதற்குப் பட்டம் பெற்றோர் பலர் இவ்வவையில் வீற்றிருக்க, பத்தாம் வகுப்போடு நின்ற ரயில்வே குமாஸ்தா ஒருவனைச் செயலாளர் மேடையேற்றியிருக்கிறார். பிழை இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன். மார்க்கைக் கொண்டு பிள்ளைகளை 'ஏ', 'பி', 'சி' எனத் தனித்தனி அறைகளில் அமர்த்தும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. அதைப் பற்றியே சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

நம்மில் பலர் யார்டில் பணிபுரிந்தவர்கள். முழு ரேக்காகச் சரக்கு அனுப்பும் முறை பரவுவதற்கு முன், பல ஊர்களுக்குச் செல்லும் வாகன்கள் ஒரே வண்டியில் கோக்கப்பட்டு வரும். ஒவ்வொன்றிலும் சேருமிடம் எழுதிய சீட்டு இருக்கும். அதைப் பார்த்துத் தடம் தடமாகப் பிரிப்பார்கள் என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சேருமிடம் தெரிந்த பின்னரே வாகன் பிரிக்கப்பட்டது. பதினொரு வயதுக் குழந்தையின் சேருமிடம் எது என்று யார் அறிவார்? ஆயினும் சீட்டை ஒட்டிவிடுகிறோம். நாளடைவில் ஒட்டிய சீட்டே சேருமிடமாகிவிடுகிறது.

இதனை நான் என் வீட்டிலேயே கண்டேன். என் மகள் ஐந்தாம் வகுப்பு வரை தஞ்சை மாவட்டத்தில் பாட்டி வீட்டிலிருந்து தமிழில் படித்தவள். ஆறாம் வகுப்பிற்கு இங்கே அழைத்து வந்தேன். நுழைவுத் தேர்வு ஆங்கிலத்தில் நடந்தது. கணக்கில் அவள் கெட்டிக்காரி. ஆனால் வினாவில் என்ன கேட்கிறார்கள் என்பதே அவளுக்கு விளங்கவில்லை. 'சி' பிரிவில் சேர்த்தார்கள். மொழி தெரியாமை கணக்குத் தெரியாமையாகப் பதிவாயிற்று. ஆண்டு முடிவில் மேலே வந்துவிடுவாள் என்று நானும் வாளாவிருந்தேன். வரவில்லை.

ஏழாம் வகுப்பு முழுப் பரீட்சைக்கு முன் ஒருநாள், 'ஏ' பிரிவில் படிக்கும் எதிர்வீட்டுப் பையனும் என் மகளும் வராந்தாவில் அமர்ந்து படித்துக்கொண்டிருந்தனர். இருவருடைய கணக்கு நோட்டுகளையும் தற்செயலாகப் புரட்டினேன். அவனுடைய நோட்டில் இருந்த கடைசி மூன்று பாடங்கள் இவளுடைய நோட்டில் இல்லை. ஏன் என்று கேட்டேன். "எங்களுக்கு அது வேண்டாமாம் அப்பா. பாஸ் பண்ண இவ்வளவு போதுமாம்" என்றாள். பரீட்சையோ எல்லாப் பிரிவுக்கும் ஒன்றே! கற்பிக்காத அந்த மூன்று பாடங்களிலிருந்தும் வினாக்கள் வந்தன. 'சி' பிரிவிலிருந்து ஒரு பிள்ளையும் மேலே செல்லவில்லை. பிரித்தது சரியே என்று மார்க்குப் பட்டியல் சான்று கூறிற்று.

மார்க்குக் குறைந்ததைக் காட்டிலும் வேறொன்று என்னை வருத்தியது. "நாங்க 'சி' செக்‌ஷன்தானே அப்பா" என்று, குலம் கோத்திரம் சொல்வதுபோல, என் மகள் அதை இயல்பாகச் சொன்னாள்.

தலைமையாசிரியரைக் கண்டு முறையிட்டேன். பொறுமையாகக் கேட்டார். "ஓர் அறையில் அறுபது பிள்ளைகள். ஒருவன் பின்னக் கணக்கில் தடுமாறுகிறான்; மற்றொருவன் அல்ஜிப்ரா கேட்கிறான். ஆசிரியர் யாருக்குச் சொல்லிக் கொடுப்பார்?" என்றார். அவர் கூற்றில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

இதே இடர்ப்பாட்டிற்கு, மும்பையில் 1990-களில் தோன்றிய பிரதம் என்னும் தொண்டு நிறுவனம் ஒரு வழி கண்டது. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை, எந்த வகுப்பு என்று பாராமல், எழுத்து அறிந்தோர், சொல் அறிந்தோர், பத்தி படிப்போர் எனக் குழுவாக்கி, நாளில் ஓரிரு மணி நேரம் அந்தந்த நிலையிலிருந்து கற்பிக்கிறார்கள். முன்னேறிய குழந்தை அடுத்த குழுவிற்குச் செல்கிறது. இதுவும் பிரிப்பதுதான். ஆனால் இங்கே குழந்தைக்குத் தேவையானது கூடுதலாகக் கிடைக்கிறது; கதவும் திறந்திருக்கிறது. நம் 'சி' பிரிவில் பாடம் குறைகிறது, கதவும் மூடிவிடுகிறது. நாம் கவனிக்க வேண்டிய வேற்றுமை இதுவே.

மூடிய கதவுக்குப் பின்னால் இருப்பவர் யார்? பெற்றோர் கூட்டத்திற்குச் சென்றால் கண்ணுக்குத் தெரியும். 'ஏ' பிரிவில் டியூஷனுக்குப் பணம் கட்ட இயன்றவர்கள், வீட்டில் ஆங்கிலம் படித்த தாய் தந்தையர் மிகுதி. 'சி' பிரிவில் தண்டவாளப் பணியாளர், கலாசி, கேன்டீன் ஊழியர், அண்மையில் மாற்றலாகி வந்த அயல்மொழிக் குடும்பத்தார் மிகுதி. மார்க்கைக் கொண்டு பிரித்ததாகவே பள்ளி நினைக்கிறது; வீட்டு வசதியே பெரும்பாலும் மார்க்காக வந்து நிற்கிறது.

இச்சிக்கல் நம் காலனிக்கு மட்டும் உரியதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 27 ஆண்டுகள் விளங்கிய ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் 1952-ஆம் ஆண்டில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, பல்நோக்குப் பள்ளிகளை ஏற்படுத்தி, உயர்நிலை வகுப்புகளில் அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை முதலிய ஏழு பிரிவுகளை அமைக்கலாம் என்றது. பலவகைத் திறமைக்கும் இடமளிக்க வேண்டும் என்பதே அதன் நல்லெண்ணம். 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி குழுவோ, பத்தாம் வகுப்பு வரை அனைவருக்கும் பொதுக்கல்வியே வேண்டும், சிறப்புப் பிரிவுகள் அதன் பின்னரே என்றது. 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையும் கலை, அறிவியல் என்ற கடும் பிரிவினை வேண்டா என்கிறது.

தமிழும் ஆட்சிமொழியாக விளங்கும் சிங்கப்பூரில், 1980-களிலிருந்து உயர்நிலைப் பள்ளி மாணவர் 'எக்ஸ்பிரஸ்', 'நார்மல்' எனப் பிரிக்கப்பட்டனர். எக்ஸ்பிரஸ் என்றால் நமக்குத் தெரியும்; மற்றதை நாம் பாசஞ்சர் என்போம்! பாதியில் படிப்பை விடுவோர் குறைந்தனர் என்ற நன்மை அம்முறைக்கு உண்டு. ஆயினும் அப்பெயர்கள் பிள்ளைகளின் மனத்தில் தாழ்வுணர்ச்சியை வளர்ப்பதை அந்நாட்டு அரசே உணர்ந்தது. 2024-ஆம் ஆண்டில் உயர்நிலை முதல் வகுப்பில் சேர்ந்தோர் தொடங்கி அப்பிரிவுகள் நீக்கப்பட்டன. கணக்கில் ஒரு நிலை, மொழியில் மற்றொரு நிலை எனப் பாடத்திற்கேற்ப அங்கே இப்போது பயிலலாம்.

நம் பிள்ளைகளைப் பற்றிய ஒரு செய்தியையும் பெற்றோர் நினைவில் கொள்ள வேண்டும். மத்தியக் கல்வி வாரியத்தின் பத்தாம் வகுப்புக் கணிதத்தில், 2020-ஆம் ஆண்டுத் தேர்வு முதல் 'ஸ்டாண்டர்டு', 'பேசிக்' என இரண்டு தாள்கள் வந்தன. பாடம் ஒன்றே, வினாத்தாளின் கடினமே வேறு. பேசிக் தாள் எழுதியவர் பதினொன்றாம் வகுப்பில் கணிதம் எடுக்கலாகாது என்பது தொடக்க விதி. பின்னர் தளர்வுகள் அளிக்கப்பட்டன. தேர்வுக்குப் பெயர் கொடுக்கும் சமயத்தில், "எளியதே போதும்" என்று பிறர் சொல்ல நாம் கையெழுத்திடலாகாது. அவ்வாண்டின் விதி என்ன என்று கேட்டு, பிள்ளையின் விருப்பத்தையும் அறிந்து முடிவு செய்ய வேண்டும்.

என் மகளின் கதையை முடித்துவிடுகிறேன். நம் சங்கத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், எட்டாம் வகுப்பில் விடுபட்ட பாடங்களை ஞாயிறுதோறும் தம் வீட்டிலேயே ஐந்து 'சி' பிரிவுப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். தட்சணையாக ஒரு தம்ளர் காப்பிக்கு மேல் அவர் ஏற்றதில்லை. ஆண்டு முடிவில் ஐவருள் இருவர் 'பி' பிரிவிற்குச் சென்றனர். என் மகள் அவர்களுள் ஒருத்தி. மற்ற மூவரும் மேலே செல்லவில்லை. எனினும் அவர்களுடைய நோட்டிலும் கடைசிப் பாடம் வரை எழுதப்பட்டிருந்தது.

ஆகவே சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, அந்த ஞாயிறு வகுப்பைச் சங்கக் கூடத்தில் எல்லாப் பிரிவுப் பிள்ளைகளுக்கும் பொதுவாக நடத்த வேண்டும். 'ஏ' பிரிவுப் பிள்ளை 'சி' பிரிவுப் பிள்ளைக்குச் சொல்லித் தரட்டும். இரண்டாவது, பிரிவுப் பட்டியல் ஒட்டும்போது, எதனைக் கொண்டு பிரித்தீர்கள், எப்போது மாற்றுவீர்கள், எல்லாப் பாடமும் நடக்குமா என்று பெற்றோர் அனைவரும் ஒன்றாகச் சென்று மரியாதையுடன் கேட்க வேண்டும். மூன்றாவது, இம்மேடையில் நாம் வழங்கும் பரிசுகள் யாவும் முதல் மார்க்கு வாங்கியவர்க்கே செல்கின்றன. அவர்கள் பாராட்டுக்குரியவர்களே. ஆனால் சென்ற ஆண்டைக் காட்டிலும் மிகுதியாக முன்னேறிய பிள்ளைக்கும் அடுத்த ஆண்டு ஒரு பரிசு இருக்கட்டும். இல்லையேல் பள்ளி செய்யும் பிரிவினையை நாமும் மாலை போட்டு நடத்தியவர்கள் ஆவோம்.

சொந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்தவர்கள் நாம். நம் பிள்ளைகளும் அவர்கள் செல்ல வேண்டிய தொலைவைச் செல்லட்டும்.